11 கிடக்கட்டும் ஐயா, அந்த மூன்று எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 80. தஞ்சாவூரில் கடைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன். மகள் வயிற்றுப் பேத்தி இங்கிலாந்தில் பிரெஞ்சு மொழியும் அரசியலும் சேர்ந்த நான்கு வருடப் படிப்புப் படிக்கிறாள். மூன்றாம் வருடம் பிரான்சில் படிக்க வேண்டும் என்பது விதியாம், லியோன் நகரத்தில் இருக்கிறாள். தை பிறந்ததும் என் சதாபிஷேகத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். போன வாரம் முதல் செமஸ்டர் மார்க் வந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இருபதுக்கு 11 என்கிறது, 8.5 என்கிறது. பிளஸ் டூவில் 96 சதவீதம் எடுத்த பிள்ளை. கேட்டால், "இங்கே அப்படித்தான் ஐயா, கவலைப்படாதீங்க" என்கிறாள். பிரான்சில் பரீட்சையும் எழுதி, இங்கிலாந்துக்குத் தனியாக ஒரு நீண்ட கட்டுரையும் எழுத வேண்டுமாம். கல்யாண வீட்டில் ஒருவர், "அது ஊர் சுற்றுகிற வருஷம், பட்டத்தில் சேராது" என்று சொல்லிவிட்டார். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். இந்த வருட மார்க் சேருமா, சேராதா? பேசாமல் திரும்பி வரச் சொல்லலாமா? என் அப்பச்சி (தகப்பனார்) வியட்நாமில் இருக்கும் சைகோனுக்கு, வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) போய் மேலாளாக (கடையை நடத்துபவராக) திரும்பியவர்கள். அவர்கள் கணக்கு நோட்டு இரண்டு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. இது புரியவில்லை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பள்ளத்தூர்)

பதில்:

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பேத்தியைத் திரும்பி வரச் சொல்ல வேண்டாம். வருடம் வீணாகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள்.

ஆனால் நீங்கள் கவலைப்பட்ட இடம் வேறு, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை பார்த்தேன். 11க்கும் 8.5க்கும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் எண்ணே இல்லை, ஏ, பி, ஐ என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கிறது. அதில் உங்கள் பேனா படவில்லை. நான் காரைக்குடியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டில் ஒரு வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் மார்க் தாளைச் சரிபார்க்கும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் என் கண் நேரே கடைசி வரிக்குத்தான் போனது. அதற்கு வருகிறேன். முதலில் 11ஐ முடித்துவிடலாம்.

உங்கள் அப்பச்சி காலத்தில் சைகோன் கடைக் கணக்கு, அங்கே பிரெஞ்சு ஆட்சியில் ஓடிய பியாஸ்தர் நாணயத்தில் இருந்திருக்கும். அங்கேயிருந்து ஐந்தொகை (கணக்குச் சுருக்கம்) வந்து ஊர்ப் பேரேட்டில் ஏறும்போது ஒரு பியாஸ்தர் ஒரு ரூபாய் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு என்ன மாற்று விலை என்று கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள். இருபதுக்கு 11 என்பதை நீங்கள் ஐந்தால் பெருக்கி நூற்றுக்கு 55 என்று மனதில் ஏற்றிவிட்டீர்கள். மாற்று பார்க்காமல் ஏற்றிய வரவு அது.

பிரான்சில் இருபதுக்கு 10 வாங்கினால் தேர்ச்சி. 12க்கு மேல் போனால் பட்டத்தில் "ஓரளவு நன்று" என்று எழுதுவார்கள். 14க்கு "நன்று", 16க்கு "மிக நன்று", அதற்கு மேல் தனிப் பெயரே கிடையாது. அரசியல், சட்டம் மாதிரிப் பாடங்களில் 16 வாங்குகிற பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டு பேர்தான் இருக்கும். நம் ஊரில் 96 எடுத்தாலும் "நாலு மார்க் எங்கே போச்சு" என்று கேட்கிறோம். அங்கே 13க்கு வீட்டில் பாயசம் வைக்கலாம். இங்கிலாந்தின் கணக்கு இன்னொரு விதம்: 40 தேர்ச்சி, 60க்கு மேல் நல்ல இரண்டாம் வகுப்பு, 70 தொட்டால் முதல் வகுப்பு. 80 என்பது அபூர்வம். ஆக உங்கள் பேத்தியின் தலையில் இப்போது மூன்று நாட்டு அளவுகோல் ஒரே நேரத்தில் ஓடுகிறது. உங்களிடம் விளக்க முடியாமல்தான் "இங்கே அப்படித்தான்" என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறாள்.

பிரெஞ்சு மார்க்கை இங்கிலாந்து மார்க்காக மாற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். பெரும்பாலும் பிரெஞ்சு 10 இங்கிலாந்தின் 40க்கு நேராக நிற்கும், இரண்டுமே தேர்ச்சிக் கோடு. மேலே போகப் போக 14க்கும் 16க்கும் நடுவில் எங்கேயோ 70 வந்து உட்காரும். 11 எங்கே விழும் என்பதை அவள் பல்கலைக்கழகத்தின் அட்டவணை சொல்ல வேண்டும், நானோ நீங்களோ சொல்ல முடியாது. ஐரோப்பாவில் மாணவர்களை மாற்றிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களுக்கு 1989 முதல் ஒரு பொதுக் கிரெடிட் முறை இருக்கிறது: வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதன் வழிகாட்டி இன்னொரு நல்ல யோசனையும் சொல்கிறது. மார்க்கை மட்டும் அனுப்பாதீர்கள், அந்தப் படிப்பில் தேறியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த மார்க் வாங்கினார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள் என்கிறது. பாதிப் பேர் 10க்கும் 11க்கும் இடையில் நிற்கிற இடத்தில் 11 வாங்கியவள் பின்தங்கியவள் இல்லை, நடுவில் நிற்கிறவள். அந்தப் பட்டியல் கிடைக்குமா என்று பேத்தியை லியோனில் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அதைவிட நியாயமான மாற்று விலை இல்லை.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். 60 கிரெடிட் என்றால் 1,500 முதல் 1,800 மணி நேர வேலை, அதுவும் சொந்த மொழி அல்லாத மொழியில். இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கு 120 கிரெடிட் என்று எண்ணுகிறார்கள், அதில் இரண்டு ஐரோப்பாவின் ஒன்றுக்குச் சமம். எண் மாறினாலும் இரண்டும் ஒரு முழு வருடப் படிப்புதான். கல்யாண வீட்டுக்காரர் சொன்ன "ஊர் சுற்றுகிற வருஷம்" இதற்குள் எங்கே நுழையும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தத் தாள். ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 6 கிரெடிட், மொத்தம் 30. அரசியல் சமூகவியல் 11. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள் 13.5. அரசியலமைப்புச் சட்டம் 8.5. மொழிபெயர்ப்பு 14. பன்னாட்டு உறவுகள், எண் இல்லை, அந்த மூன்று எழுத்து.

பிரான்சில் பொதுவாக ஒரு பாடத்தின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். செமஸ்டரின் சராசரி 10 வந்துவிட்டால் 8.5க்கும் சேர்த்து 30 கிரெடிட்டும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் கணக்குத் தெரிந்தவர், கூட்டிப் பாருங்கள். நான்கு பாடத்தில் 47 இருக்கிறது. ஐந்தாவதில் வெறும் 3 வாங்கினால்கூட 50, ஐந்தால் வகுத்தால் 10. அவள் பரீட்சை அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாலே போதும்.

அவள் அந்த அறையில் இல்லை. அந்த மூன்று எழுத்துக்குப் பிரெஞ்சில் "காரணம் காட்டாமல் வராதவர்" என்று அர்த்தம். பூஜ்யம் இல்லை ஐயா, பூஜ்யத்தைவிட மோசம். பூஜ்யத்தைக் கூட்டலாம், வகுக்கலாம். இதைக் கூட்ட முடியாது. பல இடங்களில் இந்தக் குறி ஒரு வரியில் இருந்தால் சராசரியே போட மாட்டார்கள், சராசரி இல்லாமல் ஈடுகட்டலும் இல்லை. அப்படியென்றால் 8.5ம் அந்தரத்தில் நிற்கும். 30 கிரெடிட்டில் 12 கையை விட்டுப் போகும்.

பிரான்சில் முதல் செமஸ்டர் பரீட்சை சனவரியில் நடக்கும் ஊர்கள் நிறைய. உங்கள் சதாபிஷேகம் தை பிறந்ததும் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இதை எழுதலாமா, விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் உங்களுக்கு நல்லது செய்ததாக ஆகாது. அவள் சொல்லாமல் மறைத்தாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் விலை என்ன என்று தெரியாமலேகூட வந்திருக்கலாம். இங்கிலாந்தில் இருந்து போகிற பிள்ளைகளில் பலருக்கு இந்த விதி மார்க் தாளில் அந்த எழுத்தைப் பார்க்கிற அன்றுதான் தெரியும். உங்களுடைய குற்றமும் இதில் ஒன்றும் இல்லை. பேத்தி வந்து நிற்க வேண்டும் என்று எந்த ஐயாவும் ஆசைப்படுவார்.

சரி, சரிசெய்ய வழி இருக்கிறது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக, தவறியவர்களுக்கு இரண்டாம் அமர்வு என்று ஒரு மறுதேர்வு உண்டு. பெரும்பாலும் சூன் வாக்கில் வரும். சில இடங்களில் முன்னாடியே வைத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து மாற்றாக வந்த மாணவர்களும் பொதுவாக எழுதலாம், ஆனால் பல இடங்களில் தானாகப் பெயர் சேராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். அவள் இந்த வாரமே இரண்டு இடத்துக்கு எழுத வேண்டும். ஒன்று லியோனில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகம். மறுதேர்வுத் தேதி என்ன, நேரில் வர வேண்டுமா, மாற்று மாணவர்களுக்கு ஈடுகட்டல் உண்டா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இரண்டாவது இங்கிலாந்தில் அவளுடைய வெளிநாட்டு ஆண்டுக்குப் பொறுப்பான ஆசிரியர். மறுதேர்வு மார்க்கை முழுதாக ஏற்பார்களா, அல்லது தேர்ச்சி மார்க்கோடு நிறுத்திவிடுவார்களா, ஈடுகட்டிய 8.5ஐ ஏற்பார்களா, இல்லை ஒவ்வொரு பாடத்திலும் 10 வேண்டும் என்பார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். பிரான்ஸ் 30 கிரெடிட் கொடுத்த பிறகும் சொந்தப் பல்கலைக்கழகம் ஒரு பாடத்தை ஏற்காமல் விட்டு, அந்தப் பிள்ளை கோடையெல்லாம் உட்கார்ந்து ஈடாகக் கட்டுரை எழுதியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போது உண்மையை எழுதட்டும். தாத்தாவின் எண்பதாம் வயது விழாவுக்கு இந்தியா போனேன், தேதி மோதும் என்பதைக் கவனிக்கவில்லை என்று ஒரே வரி போதும். ஊரில் யாராவது, "மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி அனுப்பினால் காரணம் காட்டிய மாதிரி ஆகிவிடும்" என்று சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். பாஸ்போர்ட்டில் போன தேதி, வந்த தேதி இருக்கிறது. விழாவில் எடுத்த போட்டோ இருக்கிறது. ஒரு பாடம் போனால் திரும்ப எழுதலாம், பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் பட்டமே போகும், விசாவுக்கும் சிக்கல். கோடையில் ஊர் வர டிக்கெட் போட்டிருந்தால் மறுதேர்வுத் தேதி தெரிகிற வரை அதை உறுதிசெய்ய வேண்டாம்.

இன்னொன்றும் அவள் கவனிக்க வேண்டும். பிரான்சில் பெரிய மண்டபத்தில் நடக்கும் விரிவுரைக்கு வருகைப் பதிவு பார்ப்பது குறைவு. முப்பது பேர் உட்காரும் சிறு வகுப்புக்கு வருகை கட்டாயம், அங்கே செமஸ்டர் நடக்கும்போதே மார்க்கும் போடுவார்கள். இரண்டு மூன்று தடவை சொல்லாமல் வகுப்புக்கு வராவிட்டால் அங்கேயும் இதே மூன்று எழுத்து விழும். இரண்டாம் செமஸ்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த 8.5. அரசியலமைப்புச் சட்டத்தில் இது மூளையின் குறையாக எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையைக் கட்டும் முறையில்தான் இடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மொழி மாணவர்களைவிட மொழியும் அரசியலும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஒரு கேள்வி வைத்துக்கொள்வோம்: "பிரான்சின் ஐந்தாம் குடியரசில் (1958 முதல் இன்று வரை உள்ள ஆட்சிமுறையில்) ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா?" இங்கிலாந்தில் பழகிய பிள்ளை முதல் பத்தியிலேயே "உண்டு, ஏனென்றால்" என்று தன் பதிலைப் போட்டுவிட்டுச் சான்றுகளை அடுக்கும். அங்கே அதுதான் நல்ல கட்டுரை. பிரெஞ்சு ஆசிரியர் அதைப் படித்ததும், இந்தப் பிள்ளை கேள்வியையே யோசிக்கவில்லை என்று நினைப்பார். அவருக்கு முதல் பக்கம் முழுக்கக் கேள்வி வேண்டும். 1958 அரசியலமைப்பு, அரசாங்கமே நாட்டின் கொள்கையை வகுக்கும் என்கிறது. ஆனால் 1962ல் மக்களிடம் வாக்கெடுத்து, ஜனாதிபதியை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கினார்கள். அப்படியென்றால் ஆள்வது யார்? இந்த முடிச்சை முன்னுரையில் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு "இரண்டு பகுதியாகப் பார்க்கப் போகிறேன்" என்று அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இரண்டு உட்பகுதி. முதல் பகுதி ஜனாதிபதியின் பலம் என்றால், இரண்டாம் பகுதியில் 1986லும் 1993லும் 1997லும் நடந்ததைக் கொண்டுவர வேண்டும். அந்த மூன்று தடவையும் நாடாளுமன்றத்தில் எதிரணிக்குப் பெரும்பான்மை கிடைத்தது, ஜனாதிபதி எதிரணியைச் சேர்ந்த ஒருவரைப் பிரதமராக வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. விஷயம் இரண்டு கட்டுரையிலும் ஒன்றுதான். கட்டுமானம் வேறு. உங்கள் ஊர் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசை இருக்கிறது. வந்தவரை நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போனால் வீடு காட்டியதாக ஆகுமா? அப்படித்தான் அந்த ஆசிரியருக்கும் இருக்கும்.

நான் பார்த்த ஒரு விடைத்தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே பரீட்சைக்கு இரட்டைப் பக்கத் தாள் கொடுப்பார்கள். பெயர் எழுதிய மேல் மூலையை மடித்து ஒட்டிவிடுவார்கள், திருத்துபவருக்கு யாருடைய தாள் என்று தெரியாது. அந்தத் தாளில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பிரெஞ்சில் இலக்கணப் பிழை மூன்றுதான். ஓரத்தில் ஆசிரியர் ஒரே சொல்லைச் சிவப்பில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்: "திட்டம்?" மார்க் 7. அந்தப் பெண் எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்பின் முதல் மூன்று பேரில் ஒருத்தி. இரண்டாம் செமஸ்டரில் அதே மாதிரிப் பாடத்தில் 13 வாங்கினாள். நடுவில் அவள் செய்தது இதுதான்: சக மாணவர் ஒருவரிடம் நல்ல மார்க் வாங்கிய பழைய தாள்கள் நான்கை வாங்கி, உள்ளே இருக்கும் விஷயத்தை விட்டுவிட்டு, தலைப்பையும் உட்தலைப்பையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பழகினாள். உங்கள் பேத்தியும் அப்படியே செய்யலாம். திருத்திய தாளை நேரில் வந்து பார்க்க மாணவருக்கு அங்கே உரிமை இருக்கிறது. 8.5 தாளைப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். கூச்சம் வேண்டாம்.

நீங்கள் கேட்ட பெரிய கேள்வி, பட்டத்தில் சேருமா. இதற்கு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவாக ஒரே பதில் இல்லை. சில இடங்களில் மாற்றிய மார்க் இறுதிப் பட்டத்தின் கணக்கில் ஒரு சிறு பங்காகச் சேரும். சில இடங்களில் மார்க் சேராது, தேறினால் மட்டும் போதும். ஆனால் தேறாவிட்டால் மேலே போக முடியாது, அல்லது பட்டத்தின் பெயரில் "வெளிநாட்டு ஆண்டு" என்ற சொல் போய்விடும். இன்னும் சில இடங்களில் அங்கே வாங்கிய மார்க்கை விட்டுவிட்டு, சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் நீண்ட கட்டுரையைத்தான் மதிப்பிடுவார்கள். பேத்தி பரீட்சையும் எழுதி, கட்டுரையும் எழுதுவதற்கு இதுதான் காரணம். அவளுக்கு இரண்டு துறை. மொழித்துறைக்கு ஒரு விதி, அரசியல் துறைக்கு ஒரு விதி என்று இருக்கும் இடமும் உண்டு. மொழித்துறை, "பிரெஞ்சில் எழுதிய கட்டுரை வேண்டும்" என்னும். அரசியல் துறை, "எங்கள் பாடத்துக்கு ஈடாக இத்தனை கிரெடிட் அங்கே எடுத்திருக்க வேண்டும்" என்னும். மொழிபெயர்ப்பில் வாங்கிய 14 அரசியல் துறைக்கு உதவாமல் போகலாம். எழுதாமல் போன அந்தப் பன்னாட்டு உறவுகள் பாடம் அரசியல் துறைக்கு வேண்டிய பாடமாக இருக்கவும் கூடும்.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கும் என்றால், அவள் போகும் முன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில். படிப்பு ஒப்பந்தம் என்று பெயர். எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட், இங்கிலாந்தில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் இருக்கும். மாணவர், அனுப்புகிற பல்கலைக்கழகம், வாங்குகிற பல்கலைக்கழகம், மூன்று கையெழுத்து. லியோன் போன பிறகு நேரம் மோதுகிறது என்று ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றை எடுத்திருந்தால் அந்த மாற்றத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னது எடுபடாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் செப்டம்பரில் பாடத்தை மாற்றிவிட்டு ஆசிரியரிடம் நடைபாதையில் சொல்லியிருக்கிறான். அவரும் "சரி" என்றிருக்கிறார். அடுத்த கோடையில் அந்த 6 கிரெடிட்டுக்குப் பேரேட்டில் இடம் இல்லாமல் போனது. பையன் படித்தது உண்மை, தேறியதும் உண்மை. எழுத்தில் இல்லை.

அவள் தோழிகள் சிலர் இந்த வருடத்தை வேறு விதமாகக் கழிப்பார்கள். ஒருத்தி பிரெஞ்சுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உதவியாளராக இருப்பாள், இன்னொருத்தி ஏதாவது அலுவலகத்தில் பயிற்சி வேலையில் இருப்பாள். அவர்களுக்குப் பரீட்சையே இருக்காது, அறிக்கையும் கட்டுரையும்தான். அவர்களோடு இவளை ஒப்பிட வேண்டாம்.

இனி அந்த நீண்ட கட்டுரை. இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு உண்மையில் ஆசை. தலைப்பு முடிவாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகாவிட்டால் ஒன்று சொல்கிறேன்.

பிரெஞ்சும் அரசியலும் படிக்கிற பிள்ளையின் வீட்டுப் பெட்டகத்தில் சைகோன் கணக்கு நோட்டு இருக்கிறது! அந்தக் காலத்துச் சைகோனில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இரண்டு விதமான தமிழர்கள் இருந்தார்கள். ஒருவர் உங்கள் அப்பச்சி மாதிரி வட்டிக்கடை நடத்தப் போனவர், சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை. இன்னொருவர் புதுச்சேரி, காரைக்காலில் இருந்து போனவர். 1881ல் வந்த ஓர் ஆணைப்படி, தன் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர், அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ஒரே தெருவில் ஒரே மொழி பேசிய இரண்டு பேருக்குச் சட்டத்தின் கண்ணில் இரண்டு தகுதி. குடியுரிமை என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் கேட்கக்கூடிய கேள்வி அந்த வகுப்பில் வேறு யார் கையிலும் இருக்காது. பிரான்சின் பழைய காலனி ஆட்சி ஆவணங்களுக்கென்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. லியோனிலிருந்து ரயிலில் போய்வரலாம். இங்கே தமிழில் நோட்டு, அங்கே பிரெஞ்சில் கோப்பு, இரண்டையும் படிக்கத் தெரிந்தவள் அவள். இந்த வருடத்துக்கு வேறு என்ன நியாயம் வேண்டும்?

ஆனால் இதிலும் விதி உண்டு. காகிதத்தைப் படிப்பது சுலபம், உயிரோடு இருக்கிறவரைக் கேள்வி கேட்டு எழுதுவதற்கு அரசியல் துறையில் முன்கூட்டியே நெறிமுறை அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் அவளுடைய சொந்த ஐயாதான், இருந்தாலும் உங்களிடம் அப்பச்சியைப் பற்றிக் கேட்டு ரெக்கார்டு செய்து கட்டுரையில் போடுவதாக இருந்தால் முதலில் அந்த அனுமதி, பிறகுதான் பேச்சு. அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்தவே கூடாது என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஆசையில் இப்போதே போனில் கதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். லியோனில் ஒரு பாடத்துக்கு எழுதிக் கொடுத்ததையே திருப்பி இந்தக் கட்டுரையிலும் போடக் கூடாது, அது தன்னிடமே திருடியதாகக் கணக்கு. மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்த பிரெஞ்சும் வேண்டாம். 14 வாங்கிய பிள்ளைக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து அவள் பேசும்போது மார்க்கைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "சதாபிஷேகத்துக்கு வந்ததில் ஒரு பரீட்சை போச்சாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். அவளுக்கு அது நெஞ்சில் பாரமாகத்தான் இருக்கும், நீங்களே கேட்டால் இறங்கிவிடும். பிறகு மறுதேர்வுக்கு எழுதினாளா என்று கேளுங்கள். படிப்பு ஒப்பந்தத்தின் நகலையும் மார்க் மாற்று அட்டவணையையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், உங்கள் 11ஐயும் அந்த 8.5ஐயும் உரிய மாற்று விலையில் ஏற்றிப் பார்த்து எழுதுகிறேன்.

சைகோன் நோட்டுகளை வெயிலில் காயப்போட வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலில் விரித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். நடுவில் பிரெஞ்சு முத்திரை குத்திய காகிதம் ஏதாவது செருகியிருந்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள்.